துர்கனேவும் நிகிலிசம் என்னும் சொல்லும்

நிகிலிசம் என்ற சொல்லைக் கேட்ட அளவில் எதிலும் பற்றின்மை, வாழ்க்கை வெறுப்பு, அழிவு வேட்கை என்பனவே பலர் நினைவுக்கு வருகின்றன. தமிழில் அதனைச் சூனியவாதம் எனப் பெயர்த்து வழங்கும்போது இவ்வெண்ணம் மேலும் உறுதிப்படுகிறது. இச்சொல்லை உலகறியச் செய்த ருசிய நாவலாசிரியர் இவான் துர்கனேவ் கருதிய பொருளோ வேறு. அப்பொருள் யாது என்பதும், அது எவ்வாறு திரிந்தது என்பதும் அவர் வாழ்வை நோக்கின் விளங்கும்.

துர்கனேவ் 1818ஆம் ஆண்டில் ஓரியோல் நகரில் பிறந்தார். தாய் வர்வாரா பெத்ரோவ்னா பெருநிலக்கிழத்தி. ஆயிரக்கணக்கான பண்ணையடிமைகளை உடைமையாகக் கொண்டவர். அவர் ஆட்சியில் அடிமைகளும் அடிபட்டனர். பெற்ற மக்களும் அடிபட்டனர். கேள்விக்கு இடந்தராத அதிகாரம் எத்துணைக் கொடியது என்பதைத் துர்கனேவ் முதலில் கற்றது தம் வீட்டில்தான். பீட்டர்ஸ்பர்க்கிலும் பெர்லினிலும் பயின்று திரும்பிய அவர் எழுதிய ‘வேட்டைக்காரனின் குறிப்புகள்’ 1852இல் நூலாயிற்று. உழவரை உணர்வும் அறிவும் உடைய மனிதராக அந்நூல் காட்டியது. அதே ஆண்டில் கோகல் மறைந்தபோது எழுதிய இரங்கலுரையைக் காரணமாகக் காட்டி அரசு அவரைச் சிறைப்படுத்தியது. ஒரு திங்கள் காவலில் இருந்தபோது அவர் படைத்ததே ‘முமு’ என்னும் புகழ்பெற்ற கதையாகும். பின்னர் ஓராண்டுக்கு மேல் தம் பண்ணையை விட்டு அகலாதிருக்கப் பணிக்கப்பட்டார்.

1860ஆம் ஆண்டு ஆகஸ்டில், இங்கிலாந்தின் வைட் தீவில் தங்கியிருந்தபோது, ‘தந்தையரும் தனயரும்’ நாவலின் கரு அவர் உள்ளத்தில் தோன்றியது. பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்ட 1861இல் அதனை எழுதி முடித்தார். மறு ஆண்டில் ‘ருசியத் தூதன்’ இதழில் அது வெளிவந்தது.

அதன் தலைமை மாந்தனான பஸாரவ் ஓர் இளம் மருத்துவ மாணவன். அவனை நிகிலிஸ்ட் என அறிமுகப்படுத்தும் நண்பன், அச்சொல்லுக்கு விளக்கமும் தருகிறான்: எந்த அதிகாரத்தின் முன்னும் தலைவணங்காதவன், எத்துணைப் பேர் போற்றினும் எக்கொள்கையையும் ஆராயாமல் ஏற்காதவன். உண்மையே இல்லை என்பது இதன் கருத்தன்று. ஆராயப்படாத எதுவும் உண்மையெனத் தகாது என்பதே கருத்து. பஸாரவ் சோம்பித் திரிபவனும் அல்லன். வைகறையில் எழுந்து தவளைகளை அறுத்து ஆராய்கிறான். ஊராருக்கு மருத்துவம் பார்க்கிறான். பிணக்கூறாய்வின்போது விரலில் பட்ட காயத்தின் வழி நோய் தொற்றி இறக்கிறான்.

துர்கனேவ் அவனைக் குறையற்றவனாகப் படைக்கவில்லை. முதலில் நிலத்தைத் துப்புரவாக்குவோம், கட்டுவது பிறர் பணி என்பது அவன் நிலை. காதலையும் கவிதையையும் ஏளனம் செய்தவன் காதல் வயப்பட்டுக் கலங்குகிறான். கலை பற்றிய கருத்துகள் நீங்கலாகப் பஸாரவின் கொள்கைகளில் ஏறத்தாழ அனைத்தும் தமக்கு உடன்பாடே என்று 1869இல் துர்கனேவ் எழுதினார். மறுப்பின் தேவையையும் அதன் எல்லையையும் ஒருங்கே கண்டவர் அவர்.

நாவலைப் படித்தோர் அவ்வாறு காணவில்லை. இளைய தலைமுறையை இழிவுபடுத்தியதாக முற்போக்குத் திறனாய்வாளர் அந்தனோவிச் சாடினார். அதே அணியைச் சார்ந்த பிசாரெவோ பஸாரவைத் தம் தலைமுறையின் மெய்யுருவாக வரவேற்றார். பழமைவாதிகள் அச்சொல்லையே படைக்கலமாக்கினர். 1862 மே மாதத்தில் பீட்டர்ஸ்பர்க்கின் அப்ராக்சின் அங்காடி தீக்கிரையாயிற்று. அந்நாளில் நகர் திரும்பிய துர்கனேவை நெவ்ஸ்கி வீதியில் எதிர்கொண்ட ஒருவர், அவருடைய நிகிலிஸ்டுகளின் செயலைப் பார்க்குமாறு கூறினாராம். தீயிட்டவர் எவர் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை; பழி மட்டும் அச்சொல்லின் மேல் நின்றது. லண்டனில் வாழ்ந்த நாடுகடந்தோருடன் தொடர்பு கொண்டதாகத் துர்கனேவே செனட் அவையின் விசாரணைக்கு உள்ளாகி, 1864இல் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார்.

1881இல் இரண்டாம் அலெக்சாந்தர் மன்னர் கொல்லப்பட்டபோது, அதனைச் செய்த ‘மக்கள் விருப்பம்’ இயக்கத்தாரையும் ஐரோப்பிய இதழ்கள் நிகிலிஸ்டுகள் என்றே குறித்தன. நிலம் உழவருக்கு வேண்டும், மக்களவை வேண்டும் என்று திட்டம் வகுத்தவர்கள் அவர்கள். அவர்கள் தேர்ந்த வழியைக் கண்டிக்கலாம். ஒரு நம்பிக்கைக்காகத் தூக்குமேடை ஏறியோரை எதிலும் நம்பிக்கையற்றோர் எனல் பொருந்தாது. பழிக்கும் நோக்கின்றித் தாம் ஆண்ட சொல், இயக்கத்தை ஒடுக்க வாய்ப்புத் தேடியோர் கையில் இழிவு முத்திரையாயிற்று என்று துர்கனேவ் முன்னரே வருந்தியிருந்தார். ஆயினும் நாவலிலிருந்து அதனை அவர் நீக்கவில்லை.

1883 செப்டம்பரில் பாரிசை அடுத்த பூஜிவாலில் அவர் காலமானார். அவருடல், அந்நாவலை எவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினாரோ அந்தப் பெலின்ஸ்கியின் கல்லறை அமைந்த பீட்டர்ஸ்பர்க்கின் வோல்கோவோ இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. இறுதி ஊர்வலத்தை அரசு அச்சத்துடன் கண்காணித்தது. மக்கள் விருப்பத்தார் அவரைப் போற்றித் துண்டறிக்கை வழங்கினர். அவரை எந்த அணியில் சேர்ப்பது என்ற வழக்கு அன்றும் தீரவில்லை. பிறர் கூறும் பொருளை ஆராயாமல் ஏற்கலாகாது என்பதே அவர் நாவல் அச்சொல்லுக்குத் தந்த விளக்கம். அச்சொல்லைப் பற்றிய பேச்சிலேயே அவ்விளக்கம் மறக்கப்பட்டது.