1929-க்குத் திரும்பிய வீடு: ஐலீன் கிரேயின் பெயர் மீண்ட கதை

பிரான்ஸின் தென்கிழக்குக் கடற்கரையில், ரோக்புருன் கேப் மார்ட்டின் என்ற ஊரின் பாறைச் சரிவில் நிற்கும் வெள்ளை வீட்டின் பெயர் ஈ-1027. நவீனக் கட்டடக்கலையின் சின்னமாக இன்று போற்றப்படும் இவ்வீடு, நெடுங்காலம் பிறருடைய படைப்பாகவே பேசப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஐலீன் கிரே.

அயர்லாந்தில் 1878-இல் பிறந்த கிரே, லண்டனில் ஓவியம் பயின்று பாரிஸில் குடியேறினார். அங்கு ஜப்பானியக் கைவினைஞர் செய்ஸோ சுகவாராவிடம் அரக்குப் பூச்சுக் கலையைக் கற்றார். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் தேய்த்து மெருகேற்ற வேண்டிய, பொறுமையைச் சோதிக்கும் கலை அது. மரத்தட்டிகளாலும் நாற்காலிகளாலும் புகழ்பெற்ற அவர் கட்டடக்கலையை முறையாகப் படித்ததில்லை. எனினும், கட்டடக்கலை இதழாசிரியர் ழான் படோவிச்சியின் ஊக்கத்தால் 1926-இல் தொடங்கிய இவ்வீட்டை, ஐம்பது வயதைத் தொட்ட நிலையில் 1929-இல் முடித்தார். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கண்ணாடி மேசை உள்பட அறைகலன்களும் அவருடைய வடிவமைப்பே. வீட்டின் பெயரில் இருவரின் பெயரெழுத்துகளும் மறைந்துள்ளன: 10, 2, 7 என்பவை ஆங்கில அகரவரிசையில் ஜே, பி, ஜி எழுத்துகளின் இடங்கள்.

இருவரும் பிரிந்த பின் வீடு படோவிச்சியிடம் இருந்தது. அவருடைய விருந்தினராக வந்த லெ கார்பூசியே, 1938-39-இல் வெற்றுச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டினார். பின்னாளில் நமது சண்டிகரை வடிவமைத்த அதே மேதைதான். கிரேயின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. இச்செயலை அவர் அத்துமீறலாகவே கருதினார். வீட்டருகே சிறு மரக்குடில் அமைத்துத் தங்கிவந்த லெ கார்பூசியே, 1965-இல் அதே கடலில் நீந்தியபோது உயிரிழந்தார்.

கிரேயின் பெயரோ மறக்கப்பட்டிருந்தது. ஜோசப் ரிக்வெர்ட் 1968-இல் எழுதிய கட்டுரைதான் கவனத்தை மீட்டது. அப்போது கிரேக்கு வயது 90. 1976-இல் பாரிஸில் காலமானார். அவர் செய்த நாற்காலி ஒன்று 2009-இல் 2 கோடி யூரோவுக்கும் அதிகமாக ஏலம் போனது.

அறைகலன்கள் 1992-இல் ஏலத்தில் விற்கப்பட, வீடு சிதிலமடைந்தது. 1999-இல் பிரான்ஸின் கடலோரப் பாதுகாப்பு அமைப்பு அதை வாங்கியது. நீண்ட சீரமைப்புக்குப் பின் 2015-இல் வீடு பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. பணிகள் அதன் பிறகும் தொடர்ந்தன. 1929-இல் படோவிச்சியின் இதழில் வெளியான படங்களும் வரைபடங்களும் இதற்குப் பேருதவியாயின. விற்றுப்போன அறைகலன்களுக்கு ஈடாக அதே அளவில் புதியவை செய்யப்பட்டன.

ஆனால் 1929-இன் தோற்றம் முழுமையாகத் திரும்பவில்லை. வீட்டைப் போலவே அதன் சுவரோவியங்களும் பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னம் என்பதால், கிரே விரும்பாத அந்த ஓவியங்களையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டியதாயிற்று.