கவிமணியின் முதுமை

பழவங்காடியை அடுத்த சாலைக் கடைத்தெரு வழியே கிழக்கே சென்றால் வலியசாலையை அடையலாம். பழைய சாசனங்கள் கூறும் காந்தளூர்ச்சாலை இதுவே என்பர் அறிஞர் பலர். அக்காந்தளூர்ச்சாலையை ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. 1876-இல் தேரூரில் பிறந்த இப்பெரியார், திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியில் தமிழ் கற்பித்து, 1931-இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வூதியம் கைக்கு வந்ததும் வாழ்வு முடிந்ததெனத் திண்ணையிற் சாய்வோர் நம்மிற் பலர். கவிமணியோ மனைவியார் ஊராகிய புத்தேரியில் அமர்ந்து பாடிக்கொண்டே இருந்தார். மகப்பேறு வாய்க்காதவர் அவர். மனம் கசந்திருந்தாலும் யாரும் குறை கூறியிரார். ஆயினும் ஊரார் பிள்ளைகளெல்லாம் பாடி மகிழ அவர் தந்த பாட்டுகளைப் பாருங்கள். பசுவும் கன்றும், கோழியும், காக்கையும், நிலவுமே அவற்றின் பொருள். விலை கொடுத்து வாங்க வேண்டியது அவற்றுள் ஒன்றேனும் உண்டா?

‘மலரும் மாலையும்’ 1938-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 62. மூன்றாண்டுகளுக்குப் பின், எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலக் காவியத்தைத் தழுவிய ‘ஆசிய ஜோதி’ வந்தது. நொண்டி ஆட்டுக்குட்டியைப் புத்தர் பெருமான் சுமந்து செல்லும் இடத்தையும், மகவை இழந்த கோதமி கடுகு வேண்டி வீடுவீடாய் அலையும் இடத்தையும் பொறுமையாகப் படித்தல் வேண்டும். அரண்மனைச் சிறப்பினும் இவையே பெரியனவாக எனக்குத் தோன்றுகின்றன. கன்றின் துள்ளலையும் பிள்ளைகளின் முகத்தையும் நெடுங்காலம் நன்றியோடு நோக்கிய கண்களுக்கே அத்தகைய எழுத்து கைகூடும் போலும்.

1954 செப்டம்பர் 26-இல், 78-ஆம் வயதில், கவிமணி மறைந்தார். பசுவையும் கன்றையும் பற்றிய அவர் பாட்டைத் தமிழ்ப் பிள்ளைகள் இன்றும் பாடுகின்றனர்.