கொங்குநாட்டில் தத்துவபோதகர்

இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி (1577–1656) 1606இல் மதுரை வந்து துறவுக்கோலம் பூண்டார், தத்துவபோதகர் எனப்பெற்றார். அவர் கைக்கொண்ட நடைமுறைகள் பற்றித் திருச்சபையில் எழுந்த வழக்கு, 1623இல் பதினைந்தாம் கிரகோரியின் ஆணையால் அவருக்குச் சார்பாக முடிந்தது. அவ்வாண்டே மதுரையை நீங்கித் திருச்சிராப்பள்ளி வழியாகக் கொங்குநாட்டுச் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் சென்றார்.

மதுரையில் அவரை அறிந்தோர் பலர். சேலத்தில் அவர் வெறும் வழிப்போக்கர். குடியிருக்க வீடு கிடையாமையால் பொதுச்சத்திரத்தில் பல நாள் தங்கினார். அங்கு எதிர்ப்பட்ட அயலாரோடு பேசி நெருங்குவதற்கு அவருக்கு வாய்த்த துணை, பயின்று பெற்ற தமிழே. சேந்தமங்கலத் தலைவரின் தமையனாகிய திருமங்கல நாயக்கர் பின்னர் அவரது சமயத்தைத் தழுவினார்.

எதிர்வாதங்களை எடுத்துக்கொண்டு மறுக்கும் தூஷணத் திக்காரத்தின் உரைநடைக்கு, முன்பின் அறியாதாரோடு நிகழ்ந்த இத்தகைய உரையாடல்களும் பயிற்சிக்களமாயின எனக் கருத இடமுண்டு.