வேலூர் அம்மையார்

பிரசவ வேதனையில் துடிக்கும் ஏழைப் பெண்ணின் தலைமாட்டில் நள்ளிரவில் விழித்திருப்பவர் யார்? தேசத்தின் பெருமையைக் கொடிகளைக் கொண்டும் கூட்டங்களைக் கொண்டும் அளக்கப் பழகிய நாம் இக்கேள்வியை அதிகம் கேட்பதில்லை. இதைத் தம் ஆயுட்காலக் கேள்வியாகக் கொண்டு, விடையாகத் தமிழ் மண்ணில் தாதியர் பரம்பரை ஒன்றையே உண்டாக்கி வைத்த மாது ஐடா ஸ்கட்டர் அம்மையார். உலகம் அவரைச் சிறந்த வைத்தியராக அறியும். தாதித் தொழிலுக்கு அவர் செய்த உபகாரமும் அதற்குக் குறைந்ததன்று என்பது நமது கருத்து.

அம்மையார் 1870-ஆம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கட்டர், 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த வைத்தியப் பாதிரியார். தந்தையாரும் வைத்தியரே. தாது வருஷப் பஞ்சத்தில் பசியால் ஒடுங்கிய குழந்தைகளை ஐடா தம் சிறு வயதில் கண்ணாரக் கண்டார். அந்தக் காட்சி அவரை இந்நாட்டினின்றும் விலகி ஓடவே தூண்டியது. அமெரிக்காவில் படித்து அங்கேயே சுகமாக வாழ வேண்டுமென்பது அவருடைய இளமைக் கனவு. தாயாரின் நோயை முன்னிட்டே, சில காலம் இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணத்துடன் தமிழ்நாட்டுக்கு வந்தார்.

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவன்மார் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டிய செய்தி பலரும் அறிந்தது. மூவருடைய மனைவியரும் பிரசவ ஆபத்தில் இருந்தனர். ஒருவர் பிராமணர், மற்றொருவர் முஸ்லிம், மூன்றாமவரும் ஆசாரம் மிகுந்த ஹிந்து குடும்பத்தவர். வைத்தியரான தந்தை வருவதற்குச் சித்தமாயிருந்தார். ஆண்மகன் தொட்டு வைத்தியம் செய்வதை மூவரும் ஏற்கவில்லை. வைத்தியம் அறியாத அப்பெண்ணோ போயும் பயனில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று உயிர்களும் போயின. ஜாதியாலும் மதத்தாலும் பிரிந்திருந்த மூன்று வீடுகள் பெண்ணின் உயிரைப் பலி கொடுப்பதில் மட்டும் ஒன்றுபட்டன. இதைப் படிக்கையில் நாம் பிறரைக் குறை சொல்ல இடமில்லை, அவர்கள் நம்மவர்கள்.

ஐடா அம்மையார் அமெரிக்கா சென்று வைத்தியம் கற்று, 1899-இல் கார்னெல் வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் வந்து சேர்ந்தார். சில மாதங்களிலேயே தந்தை காலமானார். தங்கியிருந்த பங்களாவில் ஒரு சிற்றறையே அவருடைய முதல் வைத்தியசாலை. அமெரிக்கச் செல்வர் ஒருவர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரைக் கொண்டு கட்டிய மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி 1902-இல் 40 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது.

ஆஸ்பத்திரி பெருகப் பெருக அம்மையாருக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. வைத்தியர் நோயாளியின் பக்கத்தில் நிற்பது சில நிமிஷம். மீதிப் பொழுதெல்லாம் நோயாளியின் உயிர் தாதியின் கையில் இருக்கிறது. கருவிகளைக் கொதிநீரில் சுத்தி செய்வதும், புண்ணைக் கழுவிக் கட்டுவதும், காய்ச்சலின் ஏற்றத்தைக் குறித்து வைப்பதும், இரத்தப் போக்கு மிகுவதைக் கண்டு தக்க சமயத்தில் வைத்தியரை எழுப்புவதும் அவள் வேலை. அவள் தவறினால் எவ்வளவு நேர்த்தியான சஸ்திர சிகிச்சையும் வீணே.

ஆனால் அந்நாளில் இவ்வேலைக்கு வரத் துணிந்த நம் பெண்கள் மிகச் சிலர். பிறருடைய இரத்தத்தையும் மலத்தையும் தொடுவது தீட்டு என்று ஆசாரம் சொல்லிற்று. இரவில் வீட்டுக்கு வெளியே தங்கும் பெண்ணின் நடத்தையை ஊர் சந்தேகித்தது. படித்த குடும்பங்கள் இதை வேலைக்காரியின் தொழிலாகவே எண்ணின. சென்னையில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் முன்னரே தாதிப் பயிற்சி இருந்தும், ஜில்லாக்களில் இந்நிலை மாறவில்லை. இதற்கு எதிராக அம்மையார் மேடைப் பிரசங்கம் செய்து கொண்டிருக்கவில்லை. 1909-இல், டீலியா ஹௌட்டன் என்னும் அமெரிக்கத் தாதியின் துணைகொண்டு, வேலூரில் தாதியர் பள்ளியைத் தொடங்கினார். நம் பெண்களுக்கு முறையான பாடமும் பயிற்சியும் அளித்தார். தீட்டு என்று தள்ளப்பட்டது கல்வியாயிற்று, கல்வி கௌரவமாயிற்று.

1918-இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியையும் அவர் நிறுவினார். 1938-இல், வைத்தியக் கல்வி யாவும் சர்வகலாசாலைப் பட்டத் தரத்துக்கு உயர வேண்டுமென்று சென்னை அரசாங்கம் விதித்தபோது, அப்பள்ளிக்கு மூடுவிழா நேரும் போலிருந்தது. எழுபது வயதைக் கடந்த மூதாட்டி 1941-இல் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. தாதியரையும் அவ்வுயர்வில் பின்னே விட்டுவிடவில்லை. 1946-இல் வேலூர்த் தாதியர் பள்ளி சென்னை சர்வகலாசாலையுடன் இணைந்த கல்லூரியாகிப் பட்டப் படிப்பைத் தொடங்கிற்று. அதே வருஷம் டில்லியிலும் அப்படிப்பு ஆரம்பமாயிற்று. இந்தியாவில் தாதியருக்குப் பட்டப் படிப்பு அமைந்தது அப்போதுதான்.

அவர் அந்நியர், மிஷன் பணத்தில் வேலை செய்தவர், தம் மதத்தைப் பரப்ப வந்தவர் என்று சொல்லும் தேசபக்தர்கள் உண்டு. மதப் பற்றே அவரை இயக்கியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சாட்சியத்தை முழுவதும் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்வது முறை. மூன்று வீட்டுக் கதவுகளும் அடைபட்டபோது திறந்து விட நம்மவர் ஒருவரும் முன்வரவில்லை. வந்தவர், இந்நாட்டுப் பெண்களின் கைகளையே பழக்கினார். அவருக்குப் பின் சில ஆண்டுகளில் ஹில்டா லாசரஸ் என்னும் இந்திய மாது அந்த ஸ்தாபனத்தின் தலைமையை ஏற்றார். பிறரை என்றும் தம்மை நம்பியிருக்கச் செய்வது ஆதிக்கம். தாம் இல்லாமலே நடக்கச் செய்வது சேவை. 1960 மே 24-ந் தேதி, தமது 89-ஆம் வயதில், கோடைக்கானலில் அம்மையார் காலமானபோது அவர் நட்ட மரம் வேரூன்றி நின்றது.

தாதியர் பதிவுக்குச் சென்னை மாகாணம் 1926-இல் சட்டம் செய்தது. இந்திய சர்க்கார் 1947-இல் தாதியர் கவுன்சில் சட்டமும், 2023-இல் புதிய கமிஷன் சட்டமும் இயற்றினர். சட்டம் பெயரைப் பதிவேட்டில் எழுதும். மரியாதையை மனத்தில் எழுதாது. 2020-இல் கொரோனாக் கொள்ளை நோய் வந்தபோது நாடு முழுவதும் கை தட்டித் தாதியரைப் போற்றினோம். ஆனால் 2015 முதல் தொகுப்பூதியத்தில் நியமனம் பெற்ற தமிழ்நாட்டுத் தாதியர் பணி நிரந்தரம் கேட்டுப் பலமுறை வீதிக்கு வந்து நிற்க வேண்டியிருந்தது. கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்தில் இன்றும் பெண் நர்ஸ் வேலை பார்க்கிறாள் என்றவுடன், இரவு வேலை உண்டா என்று சம்பந்தம் பேச வந்தவர் முகம் சுளிப்பதைக் காண்கிறோம். அதே மனிதர் தம் மனைவி பிரசவத்துக்குச் சேர்க்கப்படும் இரவில், அந்த நர்ஸ் அருகில் இருக்கிறாளா என்று தவிக்கிறார்.

அம்மையாருக்கு நாம் செலுத்த வேண்டிய வந்தனம் மாலைகளில் இல்லை. பொது வாழ்வில் ஈடுபட்டோர் தத்தம் ஊர் ஆஸ்பத்திரியில் தாதியர் இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை என்று கேட்டு அறிய வேண்டும். உழைப்புக்கு உரிய சம்பளமும், இரவில் தங்கப் பாதுகாப்பான இடமும் அவர்களுக்குக் கிடைக்கும்வரை அதிகாரிகளை விடாமல் கேட்க வேண்டும். அதற்கு முன், தம் வீட்டுப் பெண் தாதியாக விரும்பினால் தடை சொல்லாதிருக்க வேண்டும். பிறர் வீட்டு மகள் நம் வீட்டு நோயாளிக்காக விழித்திருக்கலாம், நம் மகள் மட்டும் கூடாது என்பது தேசபக்தியாகாது.