உயிரைக் கொடுத்து கோலைத் தடுத்தார்

ஸ்காட்லாந்து நாட்டின் புகழ் பெற்ற கால்பந்து வீரர் ஜான் தாம்சன். கோல் கீப்பரான அவர், 22 வயதில் ஒரு கோலைத் தடுக்கப் பாய்ந்தார். கோல் விழவில்லை. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை!

சுரங்கத் தொழிலாளி

தாம்சன் 1909-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி கிர்க்கால்டி என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 14 வயதில் தாம்சனும் சுரங்கத்தில் இறங்கினார். ஓய்வு நேரத்தில் கால்பந்து ஆடினார்.

அவருடைய திறமையைக் கண்டு, கிளாஸ்கோ நகரின் புகழ் பெற்ற "செல்டிக்" குழு 17 வயதிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது. 1927, 1931 ஆகிய ஆண்டுகளில் செல்டிக் குழு ஸ்காட்லாந்து கோப்பையை வென்றது. இரண்டு முறையும் கோலைக் காத்தவர் தாம்சன்தான். நாட்டுக்காகவும் 4 முறை ஆடினார்.

எதிரி பந்தை உதைக்கும் நேரத்தில், அவர் காலடியிலேயே பாய்ந்து தடுப்பார் தாம்சன். 1930-ம் ஆண்டு ஓர் ஆட்டத்தில் அவருடைய தாடையும் விலா எலும்புகளும் முறிந்தன. இனி ஆட்டமே வேண்டாம் என்றார் தாயார். தாம்சன் கேட்கவில்லை. குணம் அடைந்ததும் மீண்டும் மைதானத்துக்கு வந்தார்.

பயங்கர மோதல்

1931 செப்டம்பர் 5-ந் தேதி, செல்டிக் குழு அதே நகரின் "ரேஞ்சர்ஸ்" குழுவுடன் மோதியது. கூட்டம் 80 ஆயிரம். செல்டிக் ரசிகர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ரேஞ்சர்ஸ் ரசிகர்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். அதனால் பகை அதிகம். ஆனால் செல்டிக் கோலைக் காத்த தாம்சன் ஒரு புராட்டஸ்டண்டு!

இடைவேளைக்குப் பிறகு, ரேஞ்சர்ஸ் வீரர் சாம் இங்கிலீஷ் பந்துடன் கோலை நெருங்கினார். தாம்சன் பாய்ந்தார். இங்கிலீஷின் முழங்கால் அவர் தலையில் மோதியது. மண்டை ஓடு உடைந்தது.

நிலைமை தெரியாமல் ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். அவர்கள் குழுவின் தலைவர் மைக்கிள்ஜான் கையை உயர்த்தினார். கூச்சல் அடங்கியது.

அன்று இரவு ஆஸ்பத்திரியில் தாம்சன் இறந்தார்.

நடந்தே வந்தார்கள்

அவர் வளர்ந்த கார்டன்டன் ஊரில் இறுதிச் சடங்கு நடந்தது. சுமார் 30 ஆயிரம் பேர் திரண்டார்கள். ரயிலுக்குக் காசு இல்லாத பலர், கிளாஸ்கோவிலிருந்து 55 மைல் நடந்தே வந்தார்கள்.

இது விபத்துதான், இங்கிலீஷ் மீது குற்றம் இல்லை என்று விசாரணையில் முடிவாயிற்று. ஆனாலும் போன இடமெல்லாம் அவரைப் பழித்துக் கூச்சல் போட்டார்கள். அந்த ஆண்டு லீக் பந்தயங்களில் 44 கோல் போட்ட அவர், அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தை விட்டு வெளியேறினார். 1938-ல் ஆட்டத்தையே விட்டார்.

ஒரு நொடி மோதல். ஒருவருக்கு உயிர் போயிற்று. குற்றமற்ற மற்றவருக்கோ நிம்மதி போயிற்று!