வானூர்தி வலவர்

வானில் செல்லும் ஊர்தியை ‘விமானம்’ என்கிறோம். திருவண்ணாமலை முதலிய கோயில்களில் கருவறையின்மேல் எழும் கட்டுமானத்திற்கும் அதுவே பெயர். செலுத்துவோர் இல்லாமலே விண்ணில் செல்லும் ஊர்தி ஒன்றைப் புறநானூற்றுப் பாடல் பேசுகிறது. தேர் செலுத்துபவரைக் குறிக்கும் ‘வலவன்’ என்னும் பழஞ்சொல்லை வானூர்தி செலுத்துபவருக்கும் உரியதாக்கலாம். இந்தியாவில் வழங்கப்பட்ட வலவர் உரிமங்களுள் முதல் எண் பொறித்ததைப் பெற்றவர் ஜே. ஆர். டி. டாட்டா. அவர் அதனைப் பெற்ற நாள் 1929 பிப்ரவரி 10.

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904 ஜூலை 29 அன்று பாரிசு நகரில் பிறந்தார். தந்தை பார்சி மரபினர்; தாய் பிரெஞ்சு நாட்டவர். ஆங்கிலக் கால்வாயை 1909இல் வானூர்தியில் முதன்முதலாகக் கடந்த லூயி பிளேரியோவின் இல்லம், இவர்களது கோடை விடுதிக்கு அருகில் இருந்தது. கடற்கரை மணலில் இறங்கும் ஊர்திகளைக் கண்டு வளர்ந்த சிறுவர் ஜஹாங்கீரின் மனத்தில் பறக்கும் வேட்கை வேரூன்றியது. 1925இல் டாட்டா நிறுவனத்தில் ஊதியமில்லாப் பயிற்சியாளராகச் சேர்ந்த பின்னரும் அவ்வேட்கை தணியவில்லை.

இந்தியாவிற்கும் இங்கிலாந்திற்கும் இடையே தனியொருவராகப் பறந்து முதலில் கடக்கும் இந்தியருக்கு ஆகாகான் பரிசு அறிவித்தார். 1930இல் ஜே. ஆர். டி. கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் பதினேழு வயது இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்தார். எகிப்தின் அபூகிரில் இருவரும் சந்தித்தனர். ஆஸ்பியின் ஊர்தியில் தீப்பொறிச் செருகி பழுதுபட்டிருந்தது. இயந்திரத்தினுள் எரிபொருள் ஆவியைப் பற்றவைக்கும் சிறு கருவி அது. அஃதின்றி ஊர்தி தரையைவிட்டு எழாது. தம்மிடம் கூடுதலாக இருந்ததை ஜே. ஆர். டி. தயங்காது அளித்தார். சில மணி நேர வேறுபாட்டில் பரிசு ஆஸ்பிக்குச் சென்றது. அவ்விளைஞரே பின்னாளில் இந்திய வான்படையின் தலைமைத் தளபதியானார்.

இலண்டனிலிருந்து கராச்சி வரை வானூர்தியில் விரைந்து வந்த அஞ்சல், அங்கிருந்து தொடர்வண்டியில் மெல்ல ஊர்ந்தது. இக்குறையைப் போக்க, நெவில் வின்சென்ட் என்னும் வலவர் வான்வழி அஞ்சல் திட்டமொன்றை டாட்டா நிறுவனத்தாரிடம் முன்வைத்தார். நிறுவனம் இரண்டு இலட்சம் ரூபாய் முதலீட்டிற்கு இசைந்தது. அரசு மானியம் ஏதுமில்லை.

1932 அக்டோபர் 15 அன்று காலை, ஜே. ஆர். டி. கராச்சியிலிருந்து ‘புஸ் மாத்’ என்னும் ஒற்றை இயந்திர ஊர்தியில் அஞ்சல் பைகளுடன் மேலெழுந்தார். அது ஒருதள இறக்கை கொண்டது. அவர் முன்பு செலுத்திய ஊர்தியோ ஒன்றன்மேல் ஒன்றாக இருதள இறக்கை உடையது. தரையில் ஓடி விரைவு பெறும்போது இறக்கையின் கீழ்ப்புறத்தைவிட மேற்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் பிறக்கும் ஏற்றவிசை ஊர்தியின் எடையை வெல்லும் கணத்தில் அது மேலெழுகிறது. திசையறியக் காந்தத் திசைகாட்டி, உயரமறிய உயரமானி, எஞ்சியவற்றிற்கு வலவரின் கண்கள்! வழிகாட்ட வானொலித் தொடர்பு இல்லை. அகமதாபாத்தில் இறங்கியபோது எரிபொருள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. பம்பாயின் ஜுகுவிலோ ஓடுபாதை என்று சொல்ல ஒன்றுமில்லை. சேற்று நிலமே இருந்தது. மழைக்காலத்தில் அது நீரில் மூழ்கிவிடுமாதலால் தளத்தையே புனேவிற்கு மாற்ற நேர்ந்தது. பம்பாயிலிருந்து அஞ்சலைப் பெற்றுக்கொண்ட வின்சென்ட், பெல்லாரியில் இரவு தங்கிச் சென்னை வந்தடைந்தார். இந்திய வான்வழிப் போக்குவரத்தின் தொடக்கப் பாதையில் நம் தலைநகரும் இடம்பெற்றது இவ்வாறே. முதலாண்டில் அச்சேவை ஒருநாளும் காலம் தவறவில்லை.

1938இல், முப்பத்து நான்காம் வயதில், ஜே. ஆர். டி. டாட்டா குழுமத்தின் தலைவரானார். அஞ்சல் சேவை வளர்ந்து 1946இல் ‘ஏர் இந்தியா’ என்னும் பெயர் பெற்றது. 1948 ஜூன் 8 அன்று ‘மலபார் பிரின்சஸ்’ பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் பறந்தது. 1953இல் அரசு வான்வழி நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியது. அவருக்கு அதில் உடன்பாடில்லை. ஆயினும் நேருவின் வேண்டுகோளை ஏற்று, ஊதியம் பெறாமல், கால் நூற்றாண்டு அதன் தலைமைப் பொறுப்பை வகித்தார். பயணம் செய்யும்போதெல்லாம் இருக்கையின் சாய்வு, திரைச்சீலையின் நிறம், தேநீரின் சுவை ஆகியவற்றைக் குறிப்பெடுத்து உரியோர்க்கு அனுப்பும் வழக்கம் அவருக்கு இருந்தது. பணியாளர் சிலருக்கு இது தொல்லையாகத் தோன்றியிருக்கலாம். பயணியர்க்கு நன்மையே விளைந்தது.

1978இல் அரசு அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. அச்செய்தியை அவருக்கு முதலில் தெரிவித்தவர் அரசினர் அல்லர். அப்பொறுப்பை அடுத்து ஏற்கவிருந்தவரே! தாம் விதைத்து வளர்த்த நிறுவனத்திலிருந்து இவ்வாறு விலக நேர்ந்தது அவரை ஆழமாகப் புண்படுத்தியது. 1980இல் ஆட்சிக்குழு உறுப்பினராக மீண்டும் அழைக்கப்பட்டபோது மறுக்காமல் சென்றார்.

1982 அக்டோபர் 15 அன்று, முதல் அஞ்சல் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், ‘லெபர்ட் மாத்’ என்னும் பழைய சிற்றூர்தியில் ஏறி அமர்ந்து, கராச்சியிலிருந்து பம்பாய் வரை அதே வழியில் மீண்டும் பறந்து வந்தார். அப்போது அவருக்கு வயது 78. 1992இல் பாரத ரத்னா விருது அவரை வந்தடைந்தது. 1993 நவம்பர் 29 அன்று ஜெனிவாவில் மறைந்த அவரது உடல், அவர் பிறந்த பாரிசு நகரில் அடக்கம் செய்யப்பட்டது.