நடுக்கு வாதம் கண்ட பார்க்கின்சன்

ஆர்.கே.பேட்டைக் கடைத்தெருவில் ஒரு பெரியவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தறி நெய்து பழகிய கை. இப்போது சும்மா இருக்கும்போதே நடுங்குகிறது. முதுகு முன்னால் வளைந்திருக்கிறது. வாதம் என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ஒரு வைத்தியர் அப்படிப் போகவில்லை. நின்று பார்த்தார். விசாரித்தார். அவர்தான் ஜேம்ஸ் பார்க்கின்சன்.

1755-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி, லண்டனை ஒட்டிய ஹாக்ஸ்டனில் பிறந்தார். தகப்பனாரும் வைத்தியர்.

தூக்குமேடை பயம்

ஏழைகளின் கஷ்டத்தைப் பார்த்தவருக்கு மனம் பொறுக்கவில்லை. கிழ ஹூபர்ட் என்ற புனைபெயரில் சர்க்காரைத் தாக்கித் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். 1794-ல், மூன்றாம் ஜார்ஜ் மன்னரை விஷ அம்பால் கொல்லச் சதி என்று சிலர் பிடிபட்டார்கள். அவர்களுக்காகச் சாட்சி சொல்லப் பார்க்கின்சன் போனார். பிரதம மந்திரி பிட்டே விசாரித்தார். பிரசுரங்களை எழுதியது தாமே என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். நல்ல வேளை, தப்பினார்!

1817-ல் நடுக்கு வாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஆறே நோயாளிகள். அவர்களில் இருவரைத் தெருவில்தான் சந்தித்தார்.

வெளியே சொல்லக் கூசும் சங்கதி

நடுக்கத்தோடு அவர் நிறுத்தவில்லை. மலச்சிக்கலையும் எழுதினார். குடல் ஆரம்பத்திலிருந்தே மந்தமாக இருக்கும். நோய் முற்றினால் பலமான பேதி மருந்து வேண்டும். சில சமயம் மலத்தை வெளியேற்றப் பிறர் உதவியும் தேவைப்படும் என்று கண்டார். குடல் கெடுவதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டோ என்றும் யோசித்தார். வழிதான் அவருக்குப் புரியவில்லை.

இன்று கொஞ்சம் புரிகிறது. மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிவதால் நடுக்கம் வருகிறது. அதே நோய் குடலின் நரம்புகளையும் பிடிக்கிறது. பலருக்குக் கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே மலச்சிக்கல் வந்துவிடுகிறது. (மலச்சிக்கல் உள்ளவர்களுக்கெல்லாம் இந்த நோய் வரும் என்று பயப்பட வேண்டாம்.)

மருந்து சங்கதிக்கு வருவோம். நடுக்கத்துக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை சிறுகுடலில்தான் ரத்தத்தில் சேரும். இரைப்பை மந்தமானால் மாத்திரை அங்கேயே கிடக்கும். தாத்தாவுக்கு மருந்து பிடிக்கவில்லை என்று வீட்டில் நினைப்பார்கள். பருப்பு, முட்டை, பால் ஆகியவற்றில் உள்ள புரதமும் அதற்குப் போட்டி. அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்கிறார்கள்.

தண்ணீர், கீரை, பழம், முடிந்த மட்டும் நடை. போதாவிட்டால் டாக்டரைக் கேட்டு மலமிளக்கி. வயிறு உப்பி, வலித்து, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாவிட்டால் குடல் அடைத்திருக்கலாம், முறுக்கியிருக்கலாம். வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்த லெவோடோபா நம் பூனைக்காலி விதையில் இருக்கிறது. 1937-ல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதற்காக விதையைத் தாமாக அரைத்துக் குடித்துவிடக் கூடாது, அளவு தப்பும்.

பார்க்கின்சன் 1824-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி இறந்தார். உயிரோடு இருந்தபோது இந்த நூலுக்குப் பெரிய பெயர் இல்லை. ஐம்பது ஆண்டுகள் போல் கழிந்த பிறகு, பிரான்சு தேசத்து டாக்டர் ஷார்கோ நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார்.

புத்தகங்களில் அவருடையது என்று அச்சாகும் தாடிக்காரப் புகைப்படம் வேறு ஒரு பார்க்கின்சனுடையது. புகைப்படக் கலை பரவுவதற்கு முன்பே நம் வைத்தியர் கண்ணை மூடிவிட்டார்.